கிரீஸ் போட்ட எக்கோ பெட்டி

விஜயதசமி அன்று காலை, என் மனைவியின் அண்ணனுடைய பட்டறைக்கு எக்கோ பெட்டியை எடுத்துவரப் போனேன். பெட்டியின் முகப்பில் தாமரை வரைந்திருந்தார்கள். லாரியின் பின்கதவில் வரைகிற அதே தாமரை. இரண்டு பக்கமும் இலைகள், நடுவில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார்கள். கடைசியாக அதைத் திறந்து தூசி தட்டிய தேதியை எழுதி ஓரத்தில் நான் ஒட்டியிருந்த காகிதம் பச்சைப் பெயிண்டுக்கு அடியில் போயிருந்தது.

முதலில் எனக்குக் கோபம் வந்தது அந்தக் காகிதத்துக்காகத்தான். ஓய்வுபெறும்வரை மேட்டூரில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். அங்கே தேதி எழுதாத பாட்டில் என்றால் கீழே ஊற்ற வேண்டிய பாட்டில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கிட்டாருக்குக் கம்பி மாற்றினால் தேதி, சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி போட்டால் தேதி. ஊரில் எந்த வருடம் எந்தப் பாலம் கட்டினார்கள், எந்தத் தியேட்டரை எப்போது கல்யாண மண்டபமாக மாற்றினார்கள் என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைப்பவன். இப்படிப்பட்டவன் ஒட்டிய காகிதத்தின்மேல் பெயிண்ட் அடிப்பது அவனைக் கேட்காமல் அவன் சட்டையைக் கழற்றுவது போன்றது.

"எப்புடீங்க மாப்ள, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குதில்லீங்க?" என்றார் மச்சான்.

"காயிதம் ஒண்ணு ஒட்டியிருந்தனுங்களே."

"அது அழுக்கா இருந்துச்சுங்க. இப்பப் பாருங்க, மேடையில வெச்சா தனியாத் தெரியும்."

மச்சான் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ஆயுதபூஜை வந்தால் அங்கே உள்ள எந்தப் பொருளும் தப்பாது. வண்டிகளைக் கழுவுவார்கள், ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஆயில் அடிப்பார்கள், துருப்பிடித்த இடத்துக்கு பெயிண்ட் பூசுவார்கள், பிறகு எல்லாவற்றுக்கும் பொட்டு. வெல்டிங் மெஷினுக்கும் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்கும் பொட்டு. அந்த வருடம் எங்கள் மெல்லிசைக் குழுவின் மைக் செட்டும் பெட்டியும் பூஜைக்காக அங்கே போயிருந்தன. பொட்டு வைத்துத் தருவார்கள் என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் சத்தம் தட்டிய இடத்திலேயே நின்றுவிடும். கல் மண்டபத்தில் வாசித்தால் அது சுவரில் பட்டுத் திரும்பி, சற்று நேரம் காற்றில் நின்று, பிறகு அடங்கும். அந்த அடங்குதலைச் செயற்கையாக உண்டாக்க ஒரு காலத்தில் ஸ்பிரிங்கைப் பயன்படுத்தினார்கள். தகரத் தொட்டி ஒன்றுக்குள் மெல்லிய சுருள் ஸ்பிரிங்குகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு முனையில் கிட்டாரின் சத்தம் அவற்றை அதிரவைக்கும். மறுமுனையில் அந்த அதிர்வைத் திரும்ப எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். இதற்கு ரிவர்ப் என்று பெயர். எக்கோ வேறு, ரிவர்ப் வேறு. இந்த வட்டாரத்தில் இதை விளக்கி நான் ஒருவரிடமும் ஜெயித்ததில்லை. எக்கோ பெட்டி என்றே ஆகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையது எழுபதுகளில் வெளிநாட்டில் செய்தது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வுகள் எரியும், முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று. எனக்குக் கல்யாணமான மறுவருடம், கொச்சித் துறைமுகத்துக்கு லோடு கொண்டுபோன மச்சானின் லாரியில் அது திரும்பி வந்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் கிடந்ததாம். மச்சானுக்கு இசை பற்றி எதுவும் தெரியாது. ஆனால் தங்கை புருஷன் கிட்டார் வாசிக்கிறான் என்பதும், இது கிட்டாருக்கான பெட்டி என்பதும் தெரியும். அதற்காக அன்றைக்கு நான் நன்றி சொன்னேன். இன்றைக்கும் அந்த நன்றியை நான் திரும்பப் பெறவில்லை.

ஆனால் பெட்டி வந்த நாளிலிருந்து நான் வாசித்தது எதுவும் என்னுடையதாக இல்லை. நாங்கள் கல்யாண வரவேற்புகளுக்கும் கோயில் விசேஷங்களுக்கும் வாசிக்கும் மெல்லிசைக் குழு. பாட்டு முடிந்து கைதட்டினால், முன்வரிசையில் இருக்கும் மச்சான் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று தலையசைப்பார். "பெட்டி என்ன பேச்சுப் பேசுது" என்பார்கள். விடியற்காலையில் எழுந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி கம்பிமேல் துணி சுற்றி, ஒரு பாட்டின் முகப்பு இசையை மாதக்கணக்கில் பழகியிருப்பேன். அதை மேடையில் வாசித்து இறங்கினால், மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து பெட்டியோடு படம் எடுத்துக்கொள்வார். "சார், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்று என்னிடம் சொல்லிவிட்டு. எங்கள் நோட்டீசில் 'ஒரிஜினல் பாரின் ஸ்பிரிங் எக்கோவுடன்' என்று ஒரு வரி இருக்கும். கிட்டார் வாசிப்பவன் யார் என்று இருக்காது.

அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியது யார்? ஜெனரேட்டரில் ஓடினால் அது குளவிக்கூடு மாதிரி ரீங்காரம் போடும். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையில் ஏறி ஆடினால் பலகை அதிர்ந்து, உள்ளே ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி இடி இடித்த மாதிரி ஸ்பீக்கரில் விழும். ஒருமுறை ராசிபுரத்தில் பட்டுச்சேலைக்காரர்கள் வீட்டு வரவேற்பில், மணப்பெண்ணின் பாட்டனார் அந்த இடிச் சத்தத்தில் காபி டம்ளரைத் தன் வேட்டிமேல் போட்டுக்கொண்டார். வால்வு போனால் சேலத்தில் கிடைக்காது, சென்னையிலும் பாதி நாள் கிடைக்காது. மண்டபத்துப் படிகளில் அதைத் தூக்கிப்போக இரண்டு ஆள் வேண்டும். இதே வேலையைச் செய்யும் சிறிய பெடல் ஒன்று வாங்கிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பல வருடங்களாக நினைத்தேன். வீட்டில் பேச்செடுத்தால் மனைவி சொல்வாள்:

"அண்ணன் மனசு நோகுமுங்க. எத்தனை ஆசையா வாங்கிக் குடுத்தாங்க."

பெட்டி என் தோளில் ஏறியிருந்தது போதாதென்று மச்சானின் மனசும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

விஜயதசமிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் லீடர் வீட்டு மாடியில் ஒத்திகை. லீடர்தான் பாடகர், அவர்தான் குழுவின் முதலாளி. ஐப்பசியில் நாமக்கல்லில் ஒரு பெரிய வரவேற்பு. போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவரின் மகள் கல்யாணம். மச்சான் சொல்லி வந்த நிகழ்ச்சி. பெட்டியைப் போட்டு, வால்வு சூடாகும்வரை காத்திருந்து, வாசித்தேன்.

சத்தம் கட்டையாக விழுந்தது. ஒவ்வொரு சுரமும் சுவரில் எறிந்த மண்கட்டி மாதிரி அங்கேயே உதிர்ந்தது. குமிழை முழுக்கத் திருப்பினேன். தொண்டை கட்டினவர் பேசுவது போல அடியில் ஏதோ முனகியது, அவ்வளவுதான்.

லீடர் பாட்டை நிறுத்தினார்.

"என்னண்ணா, இன்னைக்கு விரல் ஒத்துழைக்கலையா?"

"பெட்டி வேலை செய்யல."

"விளக்கு எரியுதே."

"விளக்கு எரிஞ்சா?"

"பூஜைக்கு சர்வீஸ் பண்ணிக் குடுத்ததா மச்சான் போன்ல சொன்னாரே. அப்புறம் எப்படிண்ணா பெட்டிமேல சொல்றது?" பிறகு, நோயாளியிடம் பேசுகிற குரலில், "வயசாகுதில்ல. எனக்கும்தான் மேல் ஸ்தாயி போகமாட்டேங்குது. தப்பா எடுத்துக்காதீங்க. ஐப்பசி நிகழ்ச்சி பாப்போம். சரியா வரலைன்னா கார்த்திகையிலேர்ந்து கிட்டார் பகுதியையும் கீபோர்டுலயே வெச்சுக்கலாம்னு இருக்கேன். இப்ப அதுலயே எல்லாம் வந்துருதில்ல" என்றார்.

கீபோர்டு வாசிக்கும் பெண், ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவர், தன் கருவியின் பொத்தான்களை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இதைக் கவனிக்க வேண்டும். இத்தனை காலம் நன்றாக வாசித்தால் அது பெட்டி. ஒருநாள் கெட்டுப்போனதும் அது என் விரல். வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் இதையே திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.

மறுநாள் காலை பெட்டியைத் திருப்பிப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினேன். தொட்டியைத் திறந்ததும் வாசம் வந்தது. லாரி ஷெட்டுக்குள் நுழைந்தால் வரும் வாசம். முடியைவிடச் சற்றே தடித்த அந்தச் சுருள்கள் தெரியவே இல்லை. பழுப்பு மஞ்சள் நிற கிரீஸைத் தாராளமாக, விரலால் அப்பி, நிரவி விட்டிருந்தார்கள். இரண்டு முனைகளிலும் இருக்கும் நுண்ணிய கம்பிச் சுற்றுகளுக்குள்ளும் போயிருந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

தொட்டியை அப்படியே செய்தித்தாளில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மச்சான் ஒரு டிரெய்லரின் கீழே குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"இது யாருங்க பண்ணுனது?"

எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நான்தானுங்க. ஆளுங்க கையில குடுக்கலீங்க. அத்தனை பொடிசா இருந்துச்சு, நானே உக்காந்து போட்டேன். கிரீஸே பாத்திருக்காதாட்டம் இருக்குதுங்க, எத்தனை வருசமா காஞ்சு கெடந்துச்சோ."

"இதுக்கு கிரீஸ் போடக்கூடாதுங்க மச்சான்."

"ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போடலீனா கத்துமில்லீங்க?"

"இது கத்தறதுக்குத்தானுங்க இருக்குது."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டிரெய்லரின் கீழே படுத்திருந்தவரும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். "மாப்ள, நீங்க படிச்சவங்க. இருந்தாலும் சொல்றேன், கேளுங்க. ஸ்பிரிங் சமாச்சாரம் எனக்குத் தெரியுமுங்க. புதுசாப் போட்டா கொஞ்சம் எறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆயிரும். ரெண்டு புரோகிராம் போகட்டும்."

"சத்தமே வர்றதில்லீங்க."

"வரும், வரும். டீ குடிக்கிறீங்களா?"

குடித்தேன். என்ன செய்வது? தங்கை புருஷன் பட்டறைக்கு வந்து டீ குடிக்காமல் போனால் அது தனி வழக்கு.

பெட்ரோலில் கழுவலாமா, வேறு எதில் கழுவினால் சுற்றுகளின் மேல்பூச்சு போகாது என்றெல்லாம் ஆய்வகத்துக்காரனாக யோசித்தேன். கிட்டார் வாசிப்பவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படம் எடுத்துப் போட்டுக் கேட்டேன். அரைமணி நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. 'அய்யோ, இது பொக்கிஷம்.' 'தயவுசெய்து பெடல் வாங்கிவிடாதீர்கள்.' 'அந்த வால்வுகளின் ஆத்மா எந்தப் பெடலில் வரும்?' 'கிரீஸைத் தொடாதீர்கள், பெங்களூருக்கு அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.' இவர்களில் ஒருவராவது அந்த ஆத்மாவைத் தோளில் வைத்து நாமக்கல் மண்டபத்தின் மாடிப்படியில் ஏறியிருப்பாரா? ஜெனரேட்டர் ரீங்காரத்தில் தாலாட்டுப் பாட்டுக்கு முகப்பு இசை வாசித்திருப்பாரா? வீட்டு அறையில் உட்கார்ந்து, பழைய பொருள் என்பதற்காகவே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கூட்டம். பழைய பேரேடுகளையும் கல்வெட்டுகளையும் தேடிப் போய்ப் படிப்பவன் நான். பழசின் மதிப்பு எனக்குத் தெரியும். பழையது என்பது ஒரு தேதி மட்டுமே. அது உழைக்கிறதா, பொய் சொல்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

என் விரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. அதற்குப் பெங்களூருக்கு அனுப்பிக் காத்திருக்க நேரமில்லை. ஐப்பசி முகூர்த்தம் முன்னால் நின்றது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சேலத்தில் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளங்கை அளவுள்ள ரிவர்ப் பெடல் ஒன்றை எடுத்து வைத்தார். கூடம், அறை, உலோகத் தகடு, ஸ்பிரிங் என்று குமிழைச் சுற்றி எழுதியிருந்தது.

"ஸ்பிரிங்ல வெச்சுப் பாருங்க சார். பழைய பெட்டி அப்படியே வரும். எல்லாரும் அதுக்குத்தான் வாங்குறாங்க."

வைத்துப் பார்த்தேன். உண்மையாகவே அப்படியே வந்தது. அந்தத் தகரத் தளும்பல்கூட வந்தது. எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் இல்லாமல் அதே சத்தம். குமிழைக் கூடத்துக்குத் திருப்பி வாசித்தேன். சுரம் எழுந்தது, நின்றது, அவசரமில்லாமல் அடங்கியது. நான் கம்பியை மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தமாக. நடுவில் யாரும் இல்லை. அந்த முகப்பு இசையை அங்கேயே முழுக்க வாசித்தேன். விரல்கள் இருந்தன. கடையில் டிரம் பார்க்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே தாமரை போட்ட பெட்டி எதுவும் இல்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஸ்பிரிங் வேண்டாமா சார்?" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் உடனே உறையில் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த ஒத்திகையில் லீடர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கீபோர்டுப் பெண், "அங்கிள், இது சூப்பரா இருக்கு" என்றார். லீடருக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. தெரிந்ததும் அவர் சொன்னது இதுதான்:

"அண்ணா, வரவேற்புல பெட்டியும் மேடையில இருக்கட்டும்."

"எதுக்கு?"

"விளக்கை மட்டும் போட்டு விட்டுருவோம். கிட்டார் ஒயர் குடுக்க வேண்டாம். தாமரை எல்லாம் போட்டு நல்லா இருக்கில்ல. மச்சான் சொல்லி வந்த நிகழ்ச்சி. பொண்ணோட அப்பாவும் பெட்டியக் கேட்டாராம். பெடலப் பத்தி ஒண்ணும் பேச வேண்டாம்."

"கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

"யாரு கேக்கப்போறா?"

ஒத்துக்கொண்டேன். அந்த நிகழ்ச்சியில் நான் வாசித்தாக வேண்டும், சரியாக வாசித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கார்த்திகையிலிருந்து வீட்டில் துணி சுற்றிய கம்பியில்தான் வாசிக்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு எனக்கு வாரத்தில் கிழமை தெரிவதே ஒத்திகையாலும் நிகழ்ச்சியாலும்தான். அதனால் பெட்டியை மறுபடியும் இரண்டு ஆள் வைத்துத் தூக்கி, மேடையின் நடுவில் வைத்து, விளக்கைப் போட்டேன். சிவப்பு விளக்கு தாமரையின்மேல் நன்றாகத்தான் விழுந்தது.

வரவேற்பு மாலை ஆறரைக்குத் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்காரர்கள், லாரிக்காரர்கள், எருமப்பட்டியிலிருந்து வேனில் வந்த சொந்தக்காரர்கள். மச்சான் முன்வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில். என் மனைவி தன் அண்ணிக்குப் பக்கத்தில்.

மூன்றாவது பாட்டு என்னுடையது. கிட்டார் மட்டும் தனியாக ஆரம்பித்து, ஒரு சுற்று முடிந்த பிறகே மற்றவர்கள் சேர்வார்கள். காலால் பெடலை அழுத்தினேன். வாசித்தேன். இவ்வளவு வருடத்தில் அவ்வளவு சுத்தமாக வாசித்ததில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையின் ஓரத்தில் ஏறி ஆடினார்கள். பலகை அதிர்ந்தது. இடி இடிக்கவில்லை. ஜெனரேட்டர் ஓடியது. குளவிக்கூடு இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் கைதட்டு வந்தது.

மச்சான் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தலையசைத்தார்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். லீடர் மைக்கை எடுத்தார்.

"இந்த அருமையான இசைக்குக் காரணமானவர் நம்ம மத்தியிலயே இருக்கார். எழுபதுகளின் அந்த ஒரிஜினல் ஸ்பிரிங் எக்கோவைக் கண்ணின் மணியா பாதுகாத்துட்டு வர்ற..." என்று ஆரம்பித்து, மச்சானை மேடைக்கு அழைத்தார். முன்னமே சொல்லி வைத்திருக்கிறார்கள். பொன்னாடை தட்டில் தயாராக வந்தது. இரண்டு பொன்னாடைகள். ஒன்றை மணப்பெண்ணின் அப்பா மச்சானுக்குப் போர்த்தினார். இன்னொன்று எனக்கோ என்று ஒரு கணம் கையைத் துடைத்துக்கொண்டேன். அதைப் பெட்டிக்குப் போர்த்தினார்கள்.

மச்சான் மைக்கை வாங்கினார். "எல்லாருக்கும் வணக்கமுங்க. பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. இப்ப வாரதெல்லாம் பிளாஸ்டிக்குங்க. இது அந்தக் காலத்து இரும்பு. ஆயுதபூசைக்கு நம்ம பட்டறையில வெச்சு, நானே கையால கிரீஸ் போட்டேனுங்க. மொதல்ல சத்தம் எடுக்கலீன்னு எங்க மாப்ளையே பயந்துட்டாரு. ஓட ஓட செட் ஆயிரும்னு சொன்னேன். இப்பக் கேட்டீங்கல்ல? பொருளைப் பராமரிக்கோணுமுங்க. அவ்வளவுதான்."

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. லீடரைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். பொன்னாடையின் சுருக்கத்தை நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டாரைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பெட்டியின் பின்னால் போனேன். மின்சாரப் பலகையிலிருந்து அதன் ஒயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. ஒயரைச் சுற்றி, பெட்டிக்குப் போர்த்திய பொன்னாடையின்மேல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். மச்சான் மைக்கோடு நின்றுகொண்டிருந்தார். நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய், அதே முகப்பு இசையை முதலிலிருந்து வாசித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தாளக்காரர் சேரப் போனார். கீபோர்டுப் பெண் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் நிறுத்திக்கொண்டார். கிட்டார் மட்டும் போயிற்று. அதே சத்தம். அதே அடங்குதல்.

மண்டபத்தில் முக்கால்வாசிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. முன்வரிசைக்குத் தெரிந்தது. ரிக் முதலாளி பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், என் காலடியைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார். மச்சான் மைக்கை லீடர் கையில் கொடுத்துவிட்டுப் பொன்னாடையோடு இறங்கிப் போனார்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்தில், என்னைப் பிடித்தார்.

"நாலு பேர் முன்னால என்னையக் கோமாளியாக்கிட்டீங்க மாப்ள."

"நான் ஒண்ணும் பேசலீங்களே."

"பேசியிருந்தாக்கூடப் பரவால்லீங்க." பொன்னாடையை இன்னும் கழற்றவில்லை. அதன் நுனி ஈரத்தில் நனைந்துகொண்டிருந்தது. "அந்தப் பெட்டிய நான் யாருக்காக வாங்குனேன்? எனக்குப் பாட்டாவது தெரியுமா? உங்களுக்குன்னுதானுங்க."

"எனக்குன்னு வாங்குனீங்க. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒருநாளாவது, மாப்ள நல்லா வாசிச்சீங்கன்னு சொல்லியிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அதைத் தனியா வேற சொல்லோணுமா?" என்றார்.

கிட்டாரை எடுத்துவைக்க மேடைக்குத் திரும்பினேன். நின்று பேசியிருந்தால் இன்னும் பெரிதாகியிருக்கும்.

வீட்டுக்கு வரும்போது மனைவி கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாதி தூரம் வந்த பிறகு, "ஒயரைப் புடுங்குனது சரி. அதச் சுத்தி மேல வெச்சீங்க பாருங்க, அதத்தான் மன்னிக்கமாட்டாங்க" என்றாள். சற்றுக் கழித்து, "ரெண்டாவது தரம் வாசிச்சது மொதல்ல வாசிச்சதவிட நல்லா இருந்துச்சு" என்றாள். ஜன்னலைப் பார்த்தபடியேதான் சொன்னாள்.

பெட்டி பட்டறைக்கே திரும்பிப் போய்விட்டது. மச்சானின் அறையில் சாமி படங்களுக்குக் கீழே இருப்பதாகக் கேள்வி. தங்கை வீட்டுக்கு வருகிறார், என்னோடு பேசுவதில்லை. டீயை நான் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்.

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே லீடர் கூப்பிட்டார். முதலில் உடம்பு விசாரித்தார். பிறகு நிகழ்ச்சித் தேதிகளைச் சொன்னார்.

"கீபோர்டுலயே வெச்சுக்கிறதா சொன்னீங்களே" என்றேன்.

"அந்தப் பொண்ணு முடியாதுன்னுட்டுது. அங்கிள் வாசிக்கிறத நான் வாசிக்கமாட்டேன்னுது. விடுங்கண்ணா, பழசெல்லாம் எதுக்கு. பெட்டி இல்லாட்டியும் பரவாயில்ல, நீங்க வந்துருங்க."

பெட்டி இல்லாட்டியும் பரவாயில்லை. அதை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார்.

"நோட்டீஸ் அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

மதியம் வாட்ஸ்அப்பில் வந்தது. லீடரின் படம், குழுவின் பெயர், அதற்குக் கீழே 'ஒரிஜினல் பாரின் ஸ்பிரிங் எக்கோவுடன்' என்ற அதே வரி. அந்த வரி இருந்தால் வரமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருத்திய நோட்டீஸ் வந்தது. வரியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எதையும் போடவில்லை, வெற்றிடமாக விட்டிருந்தார்கள்.

வருகிறேன் என்று பதில் போட்டேன். பெடலைத் திருப்பி, அடியில் ஒரு காகிதம் ஒட்டி, வாங்கிய தேதியை எழுதினேன். நிகழ்ச்சிக்குப் போனேன், வாசித்தேன். அந்த வெற்றிடத்தில் என்ன எழுத வேண்டும் என்று லீடர் இன்றுவரை கேட்கவில்லை. நானாகச் சொல்லப்போவதில்லை.